குனிந்தவர்களின் சங்கம்

1911 அக்டோபர் 9, திங்கள்

சனிக்கிழமை பந்தாட்டத்தில் ஜெயித்ததை மேட்டு வீட்டார் கொண்டாடித் தீர்த்தார்கள். இன்று நான் துடைத்துத் தீர்த்தேன். கம்பளத்தில், மாடிப்படியில், பியானோவுக்குள். பியானோவுக்குள்! வாந்தி வருகிற நேரத்தில் மூடியைத் திறந்து குறி வைக்க ஒருவனுக்கு எப்படித் தோன்றும்?

இரண்டு வருடமாக அங்கே பரிமாறுகிறேன், கழுவுகிறேன். முப்பது வெள்ளைப் பையன்கள் குடியிருக்கும் கல்லூரிச் சங்க வீடு. கிரேக்க எழுத்தில் பெயர், வாசலில் தூண்கள், ஒருவரையொருவர் 'சகோதரா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னை சாம் என்பார்கள். என் பெயர் லியாண்டர் ப்ரூயிட் என்று போன மாதம் புதிதாகச் சேர வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ்வளவு நீளமா வாயில நுழையாது சாம்" என்றான் ஒருவன். அவன் பெயர் பார்த்தலோமியூ.

கல்லூரியில் லத்தீன் சிசரோ வகுப்பில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவன் அவன். அங்கே என்னைத் தெரியாது. இங்கே தெரியும் - தட்டு காலியானால்.

சோப்பு போட்டு இரண்டு முறை குளித்தேன். நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. கடவுள் எனக்கு இவ்வளவு நல்ல மூக்கைக் கொடுத்துவிட்டு இந்த வேலையையும் கொடுத்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று டிப்ஸ் அக்காவின் மேஜையில் ஒரு பேச்சு வந்தது. எழுதிவைக்கத் தோன்றுகிறது.

கல்லூரி விடுதியில் எங்கள் கறுப்பு நிறத்தாருக்கு இடமில்லை. அதனால் நாங்கள் ஊருக்குள் வீடு வீடாகச் சிதறிக் கிடக்கிறோம். நானும் ஹோசியாவும் கார்னீலியஸும் டிப்ஸ் அக்கா வீட்டு மாடியில். அக்கா விதவை. தேவாலயத்தில் எல்லோரும் அக்கா என்பதால் எங்களுக்கும் அக்கா. நாற்பத்தைந்து வயசிருக்கும். அவர் கண்ணில் படாமல் ஒருவனும் சாப்பிடாமல் எழுந்துவிட முடியாது.

கார்னீலியஸ் ஒல்லி, வயலின் வாசிப்பான், நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். அவன்தான் ஆரம்பித்தான்.

"இந்த மாசம் பூரா வகுப்புல எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. நேத்து ஒருத்தர் பேசினார்."

"அட! என்ன பேசினார்?" - அக்கா.

"'உன் நிழல் பலகை மேல விழுது, தள்ளு'ன்னார்."

ஹோசியா சிரித்துச் சிரித்துப் புரையேறி, மோர் குடித்து அடங்கினான். ஹோசியா கெய்ன்ஸுக்கு இருபத்தேழு வயசு. கென்டக்கிச் சுரங்கத்தில் எட்டு வருடம் நிலக்கரி வெட்டிவிட்டு வந்தவன். நெற்றியில் காயத்துக்குள் கரித்தூள் தங்கி நீலமாக ஒரு கோடு. பகலில் சட்டம் படிக்கிறான், மற்ற நேரம் கல்லூரிக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறான். "கரியை விட்டு ஓடி வந்தேன், அது எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கு" என்பான்.

"உனக்காவது நிழல் விழுதுடா" என்றான். "நீச்சல் தேறினாத்தான் பட்டம்னு சட்டம் இருக்கில்ல? போய் நின்னேன். குளத்துல நம்மளை இறங்க விட மாட்டாங்களாம். ஆனா 'தேறினான்'னு எழுதிட்டாங்க. உலகத்துலயே தண்ணி படாம நீந்தினவன் நான்தான்."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்: "சுரங்கத்துல ஒரு வழக்கம். விளக்கு அணைஞ்சுட்டா ஒருத்தன் பேரை ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். குரல் வரலேன்னா தேடிப் போகணும். இந்த ஊர்ல நாம பதினோரு பேர் இருக்கோம். யாரு செத்தான், யாரு ஊருக்கு ஓடினான்னுகூட நமக்குத் தெரியறதில்லை. நமக்குன்னு ஒரு சங்கம் வேணும்டா."

அவ்வளவுதான். அப்படித்தான் பேச்சு வந்தது. சோளரொட்டி ஆறுவதற்குள்.

நவம்பர் 4

ராயல் டாபின்ஸும் எங்களோடு சேர்ந்துவிட்டான். லூயிவில் நகரத்து டாக்டரின் பிள்ளை. சாம்பல் நிறக் கையுறை, வழித்த மாதிரி வகிடு. வந்த முதல் நாளே நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அக்கா பார்த்துவிட்டார். அவனுக்கு மட்டும் தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தார்.

ஆனால் காரியக்காரன். ஒரு வாரத்தில் மருந்து படிக்கும் இருவரைக் கூட்டிவந்தான், விதிமுறை எழுதினான், சங்கத்துக்கு மூன்று கிரேக்க எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தான்.

"நம்ம பேரையே ஒழுங்கா கூப்பிட மாட்டேங்கிறான்" என்றான் ஹோசியா. "கிரேக்கத்துல பேர் வச்சா மட்டும் கூப்பிட்டுடுவானா?"

"அவங்க கூப்பிடறதுக்கு இல்ல அண்ணே. அவங்க வச்சிருக்கிற எதுவும் நமக்கு எட்டாதது இல்லேன்னு காட்டறதுக்கு."

ஹோசியா தோளைக் குலுக்கினான். எனக்கென்னவோ ராயல் சொன்னதும் சரியென்றுதான் பட்டது.

நவம்பர் 20, திங்கள்

குமட்டுகிறது. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

சனிக்கிழமை மேட்டு வீட்டில் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சடங்கு. என்னை ஐஸ் தண்ணீர் வாளியோடு கூடத்தின் ஓரத்தில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கண் உண்டு என்பது அவர்கள் நினைவில் இல்லை. மேஜைக்குக் கண் உண்டா?

கண்ணைக் கட்டி, உள்ளாடையோடு நாய் மாதிரி தவழவிட்டார்கள். ஒரு பச்சைச் சிப்பி. அதில் நூல் கட்டி ஒருவனை விழுங்கச் சொல்லி, தொண்டைக்குள் போனதும் நூலைப் பிடித்து வெளியே இழுத்து, அடுத்தவன் வாயில் - அதே சிப்பியை. ஆறு வாய். கடைசியில் அந்தக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து "கழுவி வை சாம்" என்றார்கள்.

பிறகு பலகை. படகுத் துடுப்பு மாதிரி, கைப்பிடியோடு. குனியச் சொல்லி அடித்தார்கள். அடிபட்டவன் ஒவ்வொரு அடிக்கும் "நன்றி சகோதரா" சொல்ல வேண்டும். சொன்னார்கள்! பார்த்தலோமியூ அழுதுகொண்டே சொன்னான். முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நீதிபதி ஆகப் போகிறவர்கள், வங்கி நடத்தப் போகிறவர்கள்.

இதை இன்று மேஜையில் சொன்னேன். சிரிக்கட்டும், முகம் சுளிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அக்கா "சாப்பிடற இடத்துல என்ன பேச்சு" என்று கரண்டியை ஓங்கினார். கார்னீலியஸ் தட்டைத் தள்ளிவைத்தான்.

ராயல் கேட்டான்: "பலகை எவ்வளவு நீளம் இருக்கும்?"

நான் கதை சொன்னேன். அவன் அளவு கேட்கிறான்.

நவம்பர் 21

மறுபடி கேட்டான். என்ன மரம் என்று.

டிசம்பர் 3, ஞாயிறு

ராயலோடு சண்டை. மேட்டு வீட்டின் உறுதிமொழி வாசகம் வேண்டுமாம். "நீ உள்ளயே இருக்கே. காதுல விழாமலா இருக்கும்?"

"அவங்க வாந்தியைத் துடைக்கிறது போதாதா? அதை வீட்டுக்கு வேற எடுத்துட்டு வரணுமா?"

"லியாண்டர், நீ அழுக்கை மட்டும் பார்க்கறே. அந்த வீட்டுல அடி வாங்கினவன் ஒவ்வொருத்தனும் இன்னொருத்தனை வாழ்நாள் பூரா கைவிட மாட்டான். எங்கப்பா ஆஸ்பத்திரி திறக்கக் கடன் கேட்டு அலைஞ்சார். கடன் கிடைச்சது யாருக்கு? ஒரே சங்கத்துல ஒண்ணா அடி வாங்கின ரெண்டு வெள்ளைக்காரனுக்கு. நான் கண்ணால பார்த்தேன். நம்ம ஆளுங்க ஏன் சேர்ந்து நிக்கறதில்ல? ஒண்ணா வலி பட்டதில்ல."

"நாம ஒண்ணா வலி பட்டதில்லையா?" என்றேன். "இருநூத்தம்பது வருஷம் அடிமையா இருந்தப்ப என்ன பண்ணிட்டிருந்தோம், விருந்தா சாப்பிட்டோம்?"

ராயல் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

1912 ஜனவரி 10

சங்கம் தொடங்க நாங்கள் கொடுத்த மனுவில் கல்லூரித் தலைவர் ஒப்பமிட்டார். "நம்ம பையன்களைப் பார்த்து அவங்களும் விளையாடட்டுமே" என்று எழுத்தரிடம் சொன்னது கதவு வழியே கேட்டது. ராயல் வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் காதிலும் விழுந்ததுதான்.

ஜனவரி 28, ஞாயிறு

நேற்று சங்கம் பிறந்தது.

முடிதிருத்தகத்துக்கு மேலே இருக்கும் கூடத்தை எங்கள் நிறத்து ஊர்க்காரர்கள் மதியத்துக்கு விட்டிருந்தார்கள். ஆறு பேர். ராயல் ஜன்னலைத் திரை போட்டு மூடி, மேஜையில் வேதாகமத்தையும் மெழுகுவர்த்தியையும் வைத்திருந்தான். அவன் எழுதிய உறுதிமொழி நன்றாகவே இருந்தது. மேட்டு வீட்டு வாசகம் இல்லாமலே நன்றாக எழுதியிருந்தான். பசித்தவனைத் தேடிப் போவேன், சோர்ந்தவனைப் படிக்க வைப்பேன் என்று வந்தபோது நான் இன்னும் உரக்கச் சொன்னேன். உண்மையாகவே.

அப்புறம் மேஜைக்கடியிலிருந்து பலகையை எடுத்தான். ஓக் மரம். சங்கத்தின் எழுத்துகளைக்கூடச் செதுக்கியிருந்தான்.

"மூத்தவர் முதல்ல" என்றான் ஹோசியாவைப் பார்த்து. மரியாதையாகத்தான் சொன்னான்.

ஹோசியா பலகையை வாங்கினான், திருப்பிப் பார்த்தான், மேஜை மேல் வைத்தான்.

"நான் குனிய மாட்டேன் தம்பி."

"எல்லாரும் வாங்கப் போறோம் அண்ணே. நானும்தான். மூணே அடி. பயமா?"

"மலை என் மேல விழுந்து ஒரு நாள் முழுக்க உள்ள கிடந்தவன்டா நான். பயமான்னா கேக்கறே?" குரலை உயர்த்தவேயில்லை. "எங்கப்பா சட்டையைக் கழட்டிக் குளிக்கிறதை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன். பதிமூணு வயசுல அவரை எஜமான் அடிமரத்துல கட்டி அடிச்சிருக்கான். முதுகு முழுக்க உழுத நிலம் மாதிரி. அவர் அதைப் பத்தி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: 'அன்னிக்கு என்னைக் கட்ட வேண்டியிருந்தது.' புரியுதா? கட்டாம அவர் குனியல. என்னை எந்தக் கயித்தால கட்டப் போறே ராயல்?"

ராயலுக்கு முகம் சிவந்துவிட்டது. விட்டுக்கொடுத்திருக்கலாம். ஒரு நொடி விட்டுக்கொடுக்கப் போகிறான் என்றே நினைத்தேன். ஆனால் "ஒருத்தருக்கு ஒரு விதி, மத்தவருக்கு ஒரு விதின்னு சங்கம் நடத்த முடியாது" என்றான்.

"முடியாதுதான்" என்றான் ஹோசியா. தொப்பியை எடுத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். போய்விட்டான்.

நான் போகவில்லை.

ஏன் போகவில்லை? நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். போயிருந்தால் மறுபடி அந்த வகுப்பு, அந்த மௌனம், அந்த வாளி. இங்கே நான்கு பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதற்காகக் குனிந்தேன். மூன்று அடி. வலி ஒன்றும் பெரிதில்லை. "நன்றி சகோதரா" என்றேன். பார்த்தலோமியூ சொன்ன அதே இழுப்பில்.

இது இல்லை நான் எழுத வந்தது.

என் முறை வந்தது. பலகையை என்னிடம் கொடுத்தார்கள். கார்னீலியஸ் குனிந்தான். மெதுவாக அடிக்கலாம் என்றுதான் கையை ஓங்கினேன். முதல் அடி மெதுவாகத்தான் விழுந்தது. இரண்டாவது அப்படி இல்லை. மூன்றாவதை நான் பின்னால் ஒரு காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி அடித்தேன். அவன் மேஜையோடு சரிந்தான். எனக்கு - எப்படிச் சொல்வது - இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உடம்பு லேசானது. என் கைக்கு அது பிடிச்சிருந்தது. பிடிச்சிருந்ததுய்யா.

கார்னீலியஸ் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தான். பாடினோம்.

பியானோவுக்குள் வாந்தி எடுத்தவனை நான் கேவலமாக எழுதிவைத்திருக்கிறேன்.

ஜனவரி 29

இரவு உணவுக்கு உட்கார முடியவில்லை. "என்ன லியாண்டர், நின்னுக்கிட்டே சாப்பிடறே? குதிரையா?" - அக்கா. கார்னீலியஸும் நின்றுகொண்டிருந்தான். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஹோசியா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்கா சட்டியை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனது இதுவே முதல் முறை.

பிப்ரவரி 11

ஹோசியா என்னிடம் எப்போதும் போலவே பேசுகிறான். உப்பைத் தள்ளு என்கிறான், சிசரோவில் சந்தேகம் கேட்கிறான். திட்டினால் தேவலை.

மார்ச் 16, சனி

சங்கப் படம் எடுத்தோம். ஐந்து பேர், நாற்காலி இரண்டு, பின்னால் வரைந்த தோட்டம். சட்டையில் சங்க முத்திரை போட்ட புது ஊசி மின்னியது. 'நிறுவனர்கள்' என்று அடியில் போடச் சொன்னான் ராயல்.

"ஹோசியா?" என்றேன்.

"அவர் அன்னிக்கு இருந்தாரா?"

"யோசனையே அவனோடது."

"யோசனை யாருக்கும் வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல மனுஷர்தான். ஆனா எவ்வளவு தேய்ச்சாலும் அந்தக் கரி வாசனை போகாது லியாண்டர். படத்துலகூடத் தெரியும்."

இவன் சொன்னது எனக்குப் புதிதில்லை. மேட்டு வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வதுதான். நான் பக்கத்து அறையில் இருக்கும்போது, அதே தாழ்ந்த குரலில்.

படத்துக்கு நேராக நின்றேன். அசையாதே என்றார் படக்காரர். அசையவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு



நேற்று மூன்று பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஒருவன் எல்பர்ட் யான்சி. பதினெட்டு வயசு, ஆற்றங்கரை ஊரொன்றில் கொல்லரின் மகன், எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பான். மூன்று அடி என்றிருந்தது. எப்போது அது பன்னிரண்டானது? யாரும் தீர்மானம் போடவில்லை. "நாங்க மூணு வாங்கினோம், இவங்க நாலு" என்று ஒருத்தன் சொன்னான், "அஞ்சு" என்றான் இன்னொருத்தன். ஏலம் விடுகிற மாதிரி. சிரித்துக்கொண்டே. அதிகம் அடித்தது யார் தெரியுமா? நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற கார்னீலியஸ்.

"போதும், நிறுத்துங்க" என்றேன்.

கார்னீலியஸ் மூச்சு வாங்கத் திரும்பினான். "நீ சொல்றியா லியாண்டர்? அன்னிக்கு எல்லாரையும்விட பலமா அடிச்சது யாரு? எனக்கு இன்னும் ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

அதற்குப் பிறகும் அடித்தார்கள். நான் சுவரோரம் நின்றேன் - வாளி ஒன்றுதான் கையில் இல்லை.

எல்பர்ட் நன்றி சொல்லி, பாட்டுப் பாடி, படியிறங்கும்போது விழுந்தான். அக்கா வீட்டுக்குத் தூக்கிவந்தோம், சிறுநீர் கழித்தபோது ரத்தம். கழிகலம் முழுக்கச் சிவப்பு. அக்கா அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, மேஜை நடுவில், எங்கள் தட்டுகளுக்கு இடையில் வைத்தார்.

"பாருங்க" என்றார். "படிச்ச பிள்ளைங்களா, நல்லா பாருங்க. இதைப் பண்ணது எந்த வெள்ளைக்காரன்?"

ஊர் ஆஸ்பத்திரி நம்மவர்களை எடுக்காது. நம் டாக்டர் இருப்பது ரயில் பாதைக்கு அப்பால். ஹோசியா கொதிகலன் வேலையிலிருந்து கரியோடு வந்தவன் அப்படியே எல்பர்ட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் எல்பர்ட்டிடம் ஏதாவது பேசிக்கொண்டே போனான் - உன் அம்மா என்ன சமைப்பாள், உன் கழுதைக்கு என்ன பெயர்.

சிறுநீரகத்தில் காயம். பிழைப்பான் என்கிறார் டாக்டர், படுத்தே இருந்தால்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஊரெல்லாம் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பெரிய கப்பலைப் பற்றியே பேச்சு. மேட்டு வீட்டில் பரிமாறும்போது இரண்டு பேர் அழுதார்கள். நான் சூப்பை ஊற்றினேன்.

மாலை, அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும். ராயல் வாயிலிருந்து முதலில் வந்தது: "பனியில வழுக்கி விழுந்தான்னு சொல்லுவோம்."

"ஏப்ரல்ல ஏதுடா பனி?" என்றார் அக்கா.

கல்லூரித் தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். ஹோசியா என் பக்கம் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம். அவங்க வீட்டுல கால் உடைஞ்சா அது வேடிக்கை. நம்ம வீட்டுல ரத்தம் வந்தா 'நாங்க அப்பவே சொன்னோமே'ன்னு பத்திரிகையில போட்டு, பதினோரு பேரையும் ரயிலேத்திடுவாங்க. இனிமே வரப்போறவனுக்கும் கதவு அடைஞ்சுடும். அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். ஆனா அவன் அப்பன்கிட்ட சொல்லணும். கடுதாசி இல்ல. நேர்ல. முகத்தைப் பார்த்து." ராயலைப் பார்த்தான். "நீ போகணும்."

ராயல் கையுறையைக் கழற்றினான். பிறகு "என்ன சொல்லணும்?" என்று கேட்டான். சின்னப் பையன் மாதிரி இருந்தது.

"நடந்ததை."

உண்மையைச் சொல்லக்கூட நமக்கு இந்த ஊரில் வசதியில்லை. அதுதான் இதில் எல்லாவற்றையும்விட அருவருப்பு. அவர்களுடைய நோயை நாங்களே வாங்கிக்கொண்டோம். மருந்துக்குக்கூட வெளியே சொல்ல முடியாது.

ஏப்ரல் 19

ராயல் திரும்பி வந்தான். உதடு வீங்கி, தொப்பி இல்லாமல். கொல்லர் கையல்லவா.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"சாப்பாடு போட்டார்" என்றான். "முதல்ல இது. அப்புறம் சாப்பாடு."

அக்கா அவனுக்கு இன்று தட்டை ஓசையில்லாமல் வைத்தார்.

மே 11, சனி

தீர்மானம் கொண்டுவந்தேன்: இந்தச் சங்கத்தில் எவனும் எவன் மீதும் கை ஓங்கக் கூடாது.

எழுந்து பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிப்பிக் கிண்ணத்தை, வாளியை, என் கையை, அதற்குப் பிடித்திருந்ததை. கார்னீலியஸிடம் எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்டேன். ராயல் ஆதரித்தான். அவன் ஆதரிப்பான் என்று நான் நினைக்கவேயில்லை. இரண்டு வரிதான் பேசினான்: "நான் செஞ்ச தப்பு. எல்பர்ட் அப்பா வீட்டுல உக்காந்து சாப்பிட்டேன், அதுக்கப்புறம் முடியாது." இனிமேல் நடக்காது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கார்னீலியஸ் எழுந்தான். மிகவும் பணிவாக: "மன்னிக்கணும். நான் வாங்கினேன். வாங்கினதாலதான் இன்னிக்கு நிமிந்து நடக்கிறேன். அடுத்தவன் சும்மா வந்து இந்த ஊசியைக் குத்திக்கிட்டா, அப்ப நான் எதுக்கு வாங்கினேன்?"

மருந்து படிக்கும் இருவரும் தலையாட்டினார்கள்.

"எல்பர்ட் சொல்லட்டும்" என்றேன். "பட்டவன் அவன்."

எல்பர்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இன்னும் முகத்தில் ரத்தம் ஏறவில்லை. எல்லோரும் காத்திருந்தோம்.

"நிறுத்த வேண்டாங்க" என்றான்.

"எல்பர்ட்!"

"மூணு வாரம் படுக்கையில கிடந்தேங்க. இவங்க எல்லாரும் தினம் வந்தாங்க. கார்னீலியஸ் அண்ணன் வயலின் வாசிச்சார். எங்க ஊர்ல எனக்காக யாரும் அப்படி வந்து உக்காந்ததில்ல. நான் பட்டது தப்புன்னு நீங்க எழுதிட்டா..." வார்த்தையைத் தேடினான். "அப்ப நான் ஒண்ணுமில்லாததுக்கா ரத்தம் விட்டேன்?"

கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் ராயல் மட்டும்.

இத்தனை நாள் ராயல்தான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோய் அவனை விட்டு இறங்கி, இன்னொருத்தன் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதுவும் அடிபட்ட முதுகில்.

ஊசியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ராயல் கழற்றவில்லை. "நான் இருந்தாத்தான் அடுத்த வருஷமும் கொண்டுவர முடியும்" என்றான். இருக்கலாம். அவன் சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மே 12

மேட்டு வீட்டு வேலையையும் விட்டேன். காரணம் கேட்டார்கள். "நாற்றம்" என்றேன். சமையலறைக் குழாயைப் பார்க்க ஆள் அனுப்பினார்களாம்.

ஜூன் 12, புதன்

ஹோசியா பட்டம் வாங்கினான். அக்கா பூப்போட்ட தொப்பி அணிந்து, கடைசி வரிசையில் நின்றுகொண்டே கை தட்டினார். ராயலும் வந்திருந்தான், கையுறை இல்லாமல். ஹோசியாவிடம் போய், நிறுவனர் வரிசையில் அவன் பெயரையும் சேர்க்கப் போவதாகச் சொன்னான்.

"வேண்டாம் தம்பி" என்றான் ஹோசியா. "நான் கேட்டது வேற ஒண்ணு. அது இன்னும் பிறக்கல. பிறந்தா எழுது."

கென்டக்கிக்கே திரும்பிப் போகிறான். சுரங்கக்காரர்களுக்கு வழக்காட. ரயில் நிலையத்தில் கேட்டே விட்டேன்: "அன்னிக்கு நான் உன்கூட வரல. ஏன் ஒரு வார்த்தை திட்டல?"

"நீ குனிஞ்சதை நான் பார்க்கலியே" என்றான். "பார்த்திருந்தா திட்டியிருப்பேன்."

கொதிகலன் வேலையை எனக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். கரி எனக்கு ஒத்துக்கொள்கிறது. அது சுத்தமான அழுக்கு.

அக்டோபர் 6, ஞாயிறு

மாடியில் ஹோசியா இருந்த அறைக்குப் புதுப் பையன். வெர்னல் கேட்லின், மிசிசிப்பிக்காரன், கணிதம் படிக்க வந்திருக்கிறான். மேஜையில் அவன் வாயைத் திறக்க அக்காவுக்கு நான்கு வாரம் பிடித்தது.

சங்கம் இப்போது ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறது. வெர்னலை அழைத்திருக்கிறார்கள். "நீங்கதான் ஆரம்பிச்சீங்களாமே, போகலாமா அண்ணே?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. கழிகலத்தைக்கூடச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். நல்ல பையன், குறுக்கே பேசவில்லை.

முடிந்ததும் கேட்டான்: "இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"பதினாலு."

"ஒண்ணா சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடுவாங்க."

கொஞ்ச நேரம் மேஜை விரிப்பின் நூலை நெருடிக்கொண்டிருந்தான். "நான் வந்ததிலேர்ந்து இந்த மேஜையை விட்டா வேற எங்கயும் என் குரலை நானே கேக்கலண்ணே" என்றான்.

நவம்பர் 4, திங்கள்

கொதிகலன் சாம்பலைக் கொட்டிவிட்டு வரும்போது, கணித வகுப்புக் கட்டடத்தின் படிகளில் வெர்னலைப் பார்த்தேன். கூட எல்பர்ட்டும் கார்னீலியஸும் இன்னும் இருவரும். கார்னீலியஸ் என்னவோ சொல்ல, வெர்னல் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அந்தக் கட்டடத்து வாசலில் எங்கள் நிறத்தார் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளைப் பையன்கள் வழிவிட்டு நின்றார்கள்.

படி இறங்கும்போது வெர்னல், சட்டையில் புது ஊசியோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

என்னைக் கண்டதும் கையை அசைத்தான். சாம்பல் வாளியைக் கீழே வைத்தேன். நானும் கையை அசைத்தேன்.